இரண்டாம் கார்னெட்டின் பாகம்

உள்ளறையிலிருந்து இரண்டு குட்டை ஊதல்கள் கேட்டன, மூக்கடைத்தவன் முனகுவதுபோல. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

ஓர் ஊதல் என்றால் தண்ணீர் வேண்டும். இரண்டு என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நீளமாக ஒன்று என்றால் வலி. சபையின் பேண்டுக்கு முப்பது வருஷம் மாஸ்டராக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் மிச்சம் வைத்த பாஷை அவ்வளவுதான். கார்னெட் என்ற ஊதுகுழலின் முனையில் செருகும் பித்தளை மவுத்பீஸை இடது கையில் பிடித்து, உயிர் இருக்கும் பாதி உதட்டில் வைத்து ஊதுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஊதி முடித்ததும் கார்னெட்டை உறையில் போடக்கூட நேரமில்லாமல், கையில் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடி வருவாள். மூன்று வருஷமாக அவளுடைய உலகம் இரண்டு மணி நேர அகலம்தான்.

அப்பாவைக் கதவுப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, டிரம்காரர் முன்னறை நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். காலடியில் பயணப் பை. ஐந்து மணிக்கு பஸ்.

வார நாட்களில் லாரிப் பட்டறையில் தகரம் தட்டுவார். சபையின் பேண்டில் பெரிய டிரம் அவருடையது. ஆராதனையில் பாடும் ஞானப்பாட்டுகளுக்கு டிரம் கிடையாது. ஊர்வலம் என்றால்தான் வேலை. அதனால் பதினொரு வருஷமாக, பாட்டு நேரமெல்லாம் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர். வயது நாற்பத்து நான்கு. வாய் திறக்கத்தான் இத்தனை நாளாயிற்று. தூரத்து ஊரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. தனியாகப் போக மனமில்லை என்று போன வாரம் சொல்லிவிட்டார். பதிலுக்காக இன்று வந்திருந்தார்.

அவளுக்கு வரன் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம், இரண்டாம் கார்னெட்டுக்கு வேறு ஆள் இல்லையே என்று அப்பா கையை விரித்துவிடுவார். மருமகன் தேடுகிற வீட்டில் கார்னெட்டுக்கு ஆள் தேடுகிறார் மனுஷன் என்று பேண்டில் கேலி பேசுவார்கள். முதல் கார்னெட் அண்ணனுக்கு. ராகம் முழுக்க அவனுடையது. அவளுக்கு அதன் அடியில் போகிற பாகம். மூன்று நான்கு சுரங்களுக்குள் ஏறி, இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். தனியாகக் கேட்டால், பூட்டிய அறைக்குள் ஒருவர் நடப்பதுபோல இருக்கும். அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போனான். அவள் அந்த அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

"அத்தைதான் வந்து பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்களே," என்றார் டிரம்காரர்.

"அத்தைக்குக் காது மந்தம். ஒரு ஊதலுக்கும் ரெண்டு ஊதலுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணி கேட்டா புரட்டிப் போடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "மாஸ்டரே போகச் சொன்னா வருவீங்களா?"

"அப்பா சொல்லட்டும். வர்றேன்."

சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னாள்.

இருவரும் உள்ளே போனார்கள். கட்டிலருகே நின்று டிரம்காரர் தொண்டையைச் செருமினார். ஊருக்குப் போவதையும், அவளைக் கூட்டிப்போக ஆசைப்படுவதையும், மாஸ்டர் சரி என்றால் போதும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கிழவரின் கண் மகள் மேல் நின்றது. இடது கை மவுத்பீஸைத் தேடி எடுத்தது.

வந்தது ஒரு ஊதலுமல்ல, இரண்டுமல்ல. ஒரு பாட்டு. நடுங்கி, காற்று ஒழுகி, எச்சில் வழிய வந்தது. முதல் அடியிலேயே அது என்ன பாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பேண்டில் ஒருவர் ஊரை விட்டுப் போனால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று வழியனுப்பும் ஞானப்பாட்டை வாசிப்பார்கள். போகிறவர் அன்று ஊதக்கூடாது. அவருடைய பாகத்தை மாஸ்டர் எடுத்து ஊதுவார். அண்ணன் போன அன்று முதல் கார்னெட்டை அப்பாதான் ஊதினார். இன்று ஊதுவதும் அதே பாட்டு. ஆனால் ராகம் அல்ல. ஏறி, இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிற இரண்டாம் பாகம். அவளுடையது.

போ மகளே என்று அப்பா சொல்லிவிட்டார். இருபது வருஷம் சொல்லாததை, பாதி உதட்டால் சொல்லிவிட்டார்.

டிரம்காரருக்கு ராகங்கள் தெரியும், பாகங்கள் தெரியாது. இரண்டு அடி கேட்டுவிட்டு, பரிதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"மாஸ்டருக்கு ராகமே மறந்துபோச்சு போல. என்ன சொல்றார்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். மோவாயில் எச்சில் கோடாக இறங்கியது. அண்டை கொடுத்த தலையணை நழுவி, உடம்பு மெத்தையின் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் இல்லாத வீட்டில் இப்படியே சாய்ந்து கிடப்பார், நீளமாக ஊதுவார், அத்தை அடுப்படியில் இருப்பாள். கதவைத் திறந்துவிட்டவர் அதே கதவுக்குக் குறுக்கே கிடக்கிறார். இவரைத் தாண்டிக்கொண்டு எப்படிப் போவது?

"ஆமா," என்றாள். "மறந்துட்டார். தண்ணி கேக்கிறார்."

கிழவரின் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், அவளுக்குத்தான் காதில் விழவில்லையோ என்பதுபோல.

டிரம்காரர் முன்னறைக்கு வந்து பையைத் தோளில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"நான் போற இன்னிக்கு மாஸ்டர் எனக்காக எடுத்து ஊத ஒரு பாகமும் இல்ல. டிரம்தானே?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள் அவள்.

அவர் படியிறங்கினார். உள்ளே பாட்டு முடிவுக்கு வந்து, கடைசி சுரத்தில் நின்றது. மாஸ்டர் கை இறங்கும்வரை அதை யாரும் விடக்கூடாது என்பது பேண்டின் சட்டம். மூச்சு தீரத் தீர அப்பா அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.