விசா பாரத்தில் இரண்டாவது பெயர்

"சார், என்னை ஏழைன்னு சொல்லிப்போட்டாங்க."

நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், கொல்லிமலையிலிருந்து இப்படி ஒரு போன். பேசியவர் பெரியண்ணன். வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, ஊடே காபி, வேலியோரம் பலா, கொட்டிலில் ஐந்து மாடு... அந்த வட்டாரத்தில் அவரை ஏழை என்று சொன்னால், சொன்னவரைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

"யாருங்க சொன்னது?" என்றேன்.

"சேலத்துல விசா எடுத்துக் குடுக்கறவருங்க. பேப்பர்ல பாத்தா எனக்கு வருமானமே இல்லீங்களாம்."

விசாவா? பெரியண்ணனுக்கா?

அவரை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். அந்த மலையில் நான் மூன்று வருடம் வங்கி மேனேஜராக இருந்தேன். அவர் மனைவி பாப்பாத்தி, அப்போது கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்சம்மா. சம்பள நாளில் அவரை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெரியண்ணன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வாருங்கள், ஒரு டெபாசிட் போடுங்கள் என்று நான் கூப்பிடாத மாதம் இல்லை.

"பாங்க்குல போட்டா பணம் சோம்பேறியாப் போயிருமுங்க சார்" என்பார்.

வியாபாரி லாரியோடு வருவார். மிளகை எடை போடுவார். ரொக்கம் கொடுப்பார். அந்த ரொக்கம் மாடாகும், கிணறாகும், மாடி வீடாகும். காகிதமாக மட்டும் ஆகாது. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் கோகிலா, தாய்லாந்தில் சியாங் மாய் என்ற ஊரில் பள்ளிக்கூட டீச்சர். கூட வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். போன் வந்தபோது அவளுக்கு ஐந்து மாதக் கர்ப்பம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். பிரசவத்துக்கு மட்டும் இல்லை, குழந்தை நடக்கிற வரைக்கும். டூரிஸ்ட் விசாவில் அத்தனை நாள் தங்க முடியாது. அவளே விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள் — ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ரிடயர்மென்ட் விசா என்று ஒன்று உண்டு.

வயதானவர்களை வரவேண்டாம் என்று அந்த நாடு சொல்லவில்லை. வந்தால் உங்கள் காசில் சாப்பிடுங்கள் என்கிறது. நியாயம்தானே? அதற்கு இரண்டு வழி. மாதாமாதம் இவ்வளவு வருமானம் வருகிறது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால், ஒரு பெரிய தொகை விண்ணப்பிப்பவர் பேரில் வங்கியில் கிடக்க வேண்டும். அதுவும் விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு மாதமாவது அசையாமல் கிடக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். (விதிகள் அடிக்கடி மாறும். இந்தப் பத்தியைக் காட்டித் தூதரகத்தில் சண்டைக்குப் போகாதீர்கள்.)

"நேரில் வருகிறேன்" என்றேன். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பெரியண்ணன் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். பட்டா, கிஸ்து ரசீது, வீட்டு வரி ரசீது, ஒரே ஒரு வரவு பதிவான வங்கி பாஸ்புக்.

"பட்டா காட்டலாமுங்களா சார்?"

"முடியாதுங்க. பணம்தான் கேக்கறாங்க."

"ஊடு?"

"அதுவும் கணக்குல வராது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "மாடு காட்டுனா சிரிப்பாங்க, இல்லீங்களா?"

சிரிக்காமல் இருக்க நான் கஷ்டப்பட்டேன். அவர் சிரிக்கவில்லை. குடோனில் இருக்கும் மிளகு மூட்டைகளை மொத்தமாக விற்று, வரும் ரொக்கத்தைக் கொண்டுபோய் வங்கியில் கொட்டிவிடலாமா என்று கேட்டார். விற்றாலும் பாதித் தொகைகூடத் தேறாது. தேறினாலும், இத்தனை நாள் இல்லாத பணம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். அதையும் சொன்னேன்.

முப்பத்தைந்து வருடம் மண்ணைக் கொத்திய மனிதர். உங்கள் உழைப்புக்கு ஆதாரம் இல்லை என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஏஜென்ட் கொடுத்திருந்த, விதிகள் அச்சடித்த தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். தம்பதியில் ஒருவருக்குத் தகுதி இருந்தால் போதும். மற்றவர் அவரோடு சேர்ந்து போகலாம். இத்தனை நேரம் நாங்கள் இருவரும் ஒரே பாஸ்புக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நர்சம்மா, உங்க பென்ஷன் பேப்பர் இருக்குங்களா?"

பாப்பாத்தி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். பென்ஷன் ஆர்டர், பாஸ்புக், நான்கு வைப்புத்தொகை ரசீது. ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடை, சேமநல நிதி, லீவு சரண்டர் — ஒரு ரூபாய் குறையாமல் அப்படியே கிடந்தது. பழைய வங்கிக்காரன் இல்லையா... மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். தேவையான தொகைக்கு மேலேயே இருந்தது.

ரசீதுகளைப் பெரியண்ணன் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத்தனை இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். கோகிலா கல்யாணச் செலவை முழுக்கத் தன் மிளகு பார்த்துக்கொண்டது என்று பெரியண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. நர்சம்மா சம்பளம் உப்பு புளிக்கு என்றுதான் ஊரில் எல்லாரிடமும் சொல்வார். என்னிடமும் சொல்லியிருக்கிறார்.

பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன். பாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். முதல் பெயர், பாப்பாத்தி. இரண்டாவது பெயர், பெரியண்ணன். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். ‘டிபெண்டன்ட்’.

"அப்படின்னா என்னங்க சார்?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடப்போகிறவருக்குப் பொய் சொல்லக் கூடாது என்பது பழைய உத்தியோகப் பழக்கம். "அவங்களைச் சார்ந்திருக்கறவர்னு அர்த்தம்" என்றேன்.

பெரியண்ணன் பேனாவை மேஜைமேல் வைத்தார். "தோட்டத்துக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அரை மணி ஆனது. ஒரு மணியும் ஆனது. பாப்பாத்தி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சார், அவரு ஒத்துக்கலீன்னா நா மட்டும் போலாமுங்களா?"

போகலாம் என்றேன்.

"அப்ப நா மட்டும் போறனுங்க. அவரு இல்லாம எங்கியும் போனதில்லீங்க. பஸ்ஸுல சேலம் போறதுன்னாக்கூட அவருதான் டிக்கெட் எடுப்பாரு. இருந்தாலும் போறனுங்க. இந்த மலையில எத்தனை பிரசவம் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. மழையில, சேத்துல, டார்ச் லைட்டப் புடிச்சுட்டு நடந்திருக்கறேன். எம்புள்ளைக்கு ரெண்டு தடவை கலைஞ்சப்போ, போன்ல அழுகறதக் கேட்டுட்டு இங்கியே உக்காந்திருந்தனுங்க. இந்தத் தடவை உக்கார மாட்டேன்."

குரல் உயரவே இல்லை. ஆனால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

பெரியண்ணன் திரும்பி வந்தபோது கையில் ஒரு பலாப்பழம். எனக்காம். அதை மூலையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே கேட்டார்.

"அந்த வார்த்தைய மாத்த முடியாதுங்களா சார்? கணவர்னு மட்டும் போட்டா ஆகாதுங்களா?"

"அது அவங்க அச்சடிச்ச பாரம்ங்க."

பாப்பாத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, முப்பத்தாறு வருசமா எல்லாப் பாரத்துலயும் நா உங்க பேருக்குப் பின்னாலதான் நின்னேன். ஊட்டு வரி, ரேஷன் கார்டு, பாப்பா ஸ்கூல்ல சேத்தது... எதுலயும் நா ஒண்ணும் கேக்கலீங்க. ஒரே ஒரு பாரத்துல நீங்க நில்லுங்க."

பெரியண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்து எங்கே என்று என்னிடம் கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார்.

"பாப்பா கிட்டச் சொல்லீரு, ரெண்டு பேரும் வாரோம்னு" என்றார். அவ்வளவுதான்.

வைப்புத்தொகைகளைக் கலைத்து, நர்சம்மா பேரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கிப் போட்டாயிற்று. இனி இரண்டு மாதம் அதைத் தொடக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஒரு தொகை நம் பேரில் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால், செலவுகள் எங்கிருந்துதான் முளைக்குமோ?

மூன்றாவது வாரத்தில் பெரியண்ணன் தோட்டத்தில் வாடல் நோய் விழுந்தது. கொடிகள் ஒரு பக்கமாக மஞ்சளடித்துத் தொங்கின. நோய் கண்டதை வெட்டி எரிக்க வேண்டும், மண்ணுக்கு மருந்து போட வேண்டும், ஆள் கூலி வேறு. மிளகு விலையும் அப்போது இறங்கியிருந்தது. "கணக்குல இருந்து எடுத்துக்கலாமுங்க, தோட்டம் போயிட்டா வருமா?" என்று பாப்பாத்தியே சொல்லியிருக்கிறார்.

பெரியண்ணன் மறுத்துவிட்டார். இரண்டு கறவை மாட்டை விற்றுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க மாட்டை வித்தீங்க? நெம்பப் பிரியமா வளத்தீங்களே?" என்றேன், அவர் பாஷையிலேயே.

"மாடு மறுபடி வாங்கிக்கலாமுங்க. அந்தப் பணம் அவ புள்ளையப் பாக்கப் போறதுக்கு வெச்சதுங்க சார். அது அசையக் கூடாது."

இதோடு நிற்கவில்லை. நான் மேனேஜராக இருந்தபோது ஒரு நாளும் வங்கி வாசல்படி ஏறாத மனிதர், வாரம் ஒரு தடவை மனைவியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கினாராம். புதிதாக எழுத ஒன்றும் இல்லை என்று கவுன்ட்டரில் சொன்னால் முகம் மலர்ந்துவிடுமாம். எழுத ஒன்றும் இல்லை என்பதற்காக வங்கியில் சந்தோஷப்பட்ட ஒரே வாடிக்கையாளர் அவராகத்தான் இருப்பார்.

போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கோகிலாவுக்கு எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில் விசாவும் வந்தது. தோட்டத்தைப் பெரியண்ணனின் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சியாங் மாயிலிருந்து வீடியோ கால். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன முகம், தூங்கிக்கொண்டிருந்தது.

"பிரசவத்துல நீங்களும் கூட இருந்தீங்களா நர்சம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். மாப்பிள்ளைய மட்டுந்தான் உள்ள உட்டாங்க. நா வெளியதான் நின்னேன். பிரசவ ரூமுக்கு வெளிய நின்னது இதுதான் மொதத் தடவைங்க." குழந்தையின் துணிச்சுருளை இழுத்து மூடினார். "கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்கு எல்லாமே தெரியும். அதனாலயே கை கால் நடுங்கிப்போச்சுங்க. உள்ள இருக்கறப்போ ஒரு நாளும் நடுங்குனதில்லீங்க."

"அப்புறம்?"

"அவரு எங் கையப் புடிச்சுட்டே நின்னாருங்க. குழந்தை அழுகற சத்தம் கேக்கற வரைக்கும் உடலீங்க."

பின்னால் பெரியண்ணன் தெரிந்தார். போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரொம்ப மும்முரமாக ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பாரத்தில் கட்டம் போட்டுக் கேட்டுவிடுகிறார்கள். எந்த நேரத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் சரியான பதில் எழுத முடியும் போலிருக்கிறது.

போனை வைத்த கையோடு என் மனைவியிடம், "ஆமா, உன் பேர்ல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏன், எங்கேயாவது போறீங்களா?" என்றாள்.