நர்ஸ் கை, மூணு பட்டன்

கடைவீதித் திருப்பத்தில் தையற்கடை வைத்திருக்கும் மாஸ்டருக்குக் கை பிசகாது, வாய் ஓயாது. அளவெடுக்கும்போதுதான் பிரசங்கம் தொடங்கும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மார்பைச் சுற்றி நாடா ஓட நிற்கிற மனிதர் எதிர்த்து என்ன பேசிவிட முடியும்?

"பத்துப் பேரை ஒரு பஸ்ஸுல ஏத்தி ஊர் ஊரா சுத்த விடறான். வாரம் ஒருத்தரை நடுரோட்டுல இறக்கி விடறான். இறங்கினவங்க அங்க அழறாங்க, இவங்க வீட்ல உக்காந்து அழறாங்க. இதுக்குப் பேரு டிவி நிகழ்ச்சியாம். சூடு சொரணை உள்ளவன் பாப்பானா சார்? நெஞ்சு முப்பத்தெட்டு."

முப்பத்தெட்டை மட்டும் சீட்டில் எழுதிக்கொள்வார்.

வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று வருடங்களுக்கு முன்னால், அந்த பஸ்ஸிலிருந்து யாரோ ஒரு பெயின்டரை இறக்கிவிட்ட அன்று, மாஸ்டரின் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியின் அக்காவும், அக்காவின் கணவரான சகலையும் இருந்தார்கள். மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். "யார் செத்துட்டாங்கன்னு இப்படி அழறே?" என்று கேட்டு, சகலையைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தார். சகலையும் கூடச் சிரித்தார். மறுநாளே மாஸ்டர் டிவியைத் தூக்கி எதிர்க்கட்டிடத்து வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். மனைவி பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியதும், ஊசி டப்பா எங்கே என்று கேட்கத்தான்.

அதன்பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியானால் மனைவி இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில் நிகழ்ச்சி பார்க்கப் போய்விடுவார். "அழுகைக் கச்சேரிக்குக் கிளம்பியாச்சா?" என்று மாஸ்டர் வாசல்வரை வந்து வழியனுப்புவார். மனைவியின் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், செல்போனை எடுத்துக்கொண்டு துணி போட்டுப் பார்க்கிற மறைப்புக்குள் நுழைந்து திரையை இழுத்துவிடுவார். உள்ளே ஒரு ஸ்டூல், ஓர் ஆளுயரக் கண்ணாடி. தன் மூஞ்சியைத் தானே பார்க்கும்படி ஆகிவிடக் கூடாதே என்று, கண்ணாடிமேல் யாராவது தைக்கக் கொடுத்த கோட்டு ஒன்றை மாட்டிவிடுவார்.

முதலில் பத்து நிமிடம் என்றுதான் ஆரம்பித்தது. திட்டுவதென்றாலும் விவரம் தெரிந்து திட்ட வேண்டாமா? அந்தப் பத்து நிமிடம் மூன்று வருடமாகிவிட்டது.

இந்த முறை பஸ்ஸில் ஒரு நர்ஸ் இருந்தாள். தன்னை இறக்கிவிடச் சொல்லி ஓட்டுப் போட்ட சகபயணிக்கே மறுநாள் காலில் கட்டுப் போட்டுவிட்டவள். அவளுக்கு மாஸ்டர் வாராவாரம் செல்போனில் ஓட்டுப் போட்டார். அவள் சட்டையின் கையை மட்டும் தனியாகப் பார்த்தார். தோளில் மூன்று மடிப்பு, முழங்கையிலிருந்து ஒட்டி இறங்கி, மணிக்கட்டில் நெருக்கமாக மூன்று பட்டன். யார் தைத்தானோ, மகராசன். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆளான மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கடைசியில் கை சொல்லிவிட்டது.

பேங்க்கில் வேலை செய்யும் அம்மா ஒருவர் சட்டைத்துணி கொடுத்து, "கை மட்டும் பாத்து நல்லா வைங்க மாஸ்டர்" என்றார். எந்தக் கைக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்துச் சீட்டில் குறிப்பது மாஸ்டரின் வழக்கம். மணிக்கட்டில் விரிந்தால் குடைக் கை, பைபோல உப்பினால் பைக் கை, இப்படி. வெட்டித் தைத்து, சீட்டோடு சேர்த்துப் பின் குத்தி, பட்டன் வேலைக்காக மனைவியின் கூடையில் அவரே போட்டார். அது வியாழக்கிழமை.

மனைவி சீட்டை எடுத்துப் படித்தார். 'நர்ஸ் கை, 3 பட்டன்.' சட்டையின் கையைத் திருப்பிப் பார்த்தார். தோளின் மடிப்பை எண்ணினார். பிறகு திரையையும், உள்ளே கண்ணாடிமேல் போன சனிக்கிழமையிலிருந்து தொங்கும் கோட்டையும் பார்த்தார். மூன்று பட்டனையும் அழுத்தித் தைத்துவிட்டு, சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை இறுதிச் சுற்று. ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, "ஏங்க, என் போன்ல சார்ஜ் இல்ல. உங்களோடத குடுங்க" என்று கையை நீட்டினார்.

"எனக்கு வேணுமே."

"இந்நேரத்துல எதுக்கு?"

ஊருக்கே பதில் சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டு போனைக் கொடுத்தார்.

மனைவி போனதும் மாஸ்டர் பழக்கதோஷத்தில் மறைப்புக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டு அன்று காலைதான் டெலிவரி ஆகியிருந்தது. கண்ணாடியில் இருந்தவர் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து வெளியே வந்தபோது பேங்க் அம்மா அவசரமாகச் சட்டை வாங்க வந்தார். கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியே நர்ஸோடது மாதிரி இருக்கே மாஸ்டர். இன்னிக்கு அவங்க ஜெயிச்சிடுவாங்களா?"

"அதெல்லாம் எவன் பாக்கறான்" என்றார் மாஸ்டர்.

எட்டு மணிக்கு மனைவி திரும்பி வந்தார். கண் சிவந்து, மூக்கு வீங்கியிருந்தது. மாஸ்டர் காலியாக இருந்த இஸ்திரி மேசையை இரண்டு முறை துடைத்தார். இல்லாத நூலைப் பொறுக்கினார். போனைத் திருப்பிக் கேட்கக்கூடத் துணிவில்லை. மூன்றாவது முறை மேசையைத் துடைக்கப் போனவர் அப்படியே நின்று, "நர்ஸை இறக்கி விட்டுட்டாங்களா?" என்று கேட்டேவிட்டார்.

"எந்த நர்ஸை?" என்றார் மனைவி. இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்து, சுருக்கம் போக விரலால் நீவினார்.

மாஸ்டர் தன் கையெழுத்தைப் பார்த்தார். தப்பிக்க வழியே இல்லை. "மூணு வருஷமா பாக்கறேன்" என்றார்.

"கடைசி ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கறப்ப இறக்கி விட்டுட்டாங்க. எல்லாருக்கும் கையாட்டிட்டு இறங்கிப் போனா."

மாஸ்டர் வாயைக் கோணி அழுகையை அடக்கிப் பார்த்தார். அது கேட்கவில்லை. நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"யார் செத்துட்டாங்கன்னு இப்படி அழறீங்க?"

மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்து, ஓர் எழுத்துக் குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டது தப்புதான்" என்றார் மாஸ்டர், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"தப்பை இங்க ஒத்துக்கிட்டா ஆச்சா? நீங்க கேட்டது எங்க அக்கா முன்னாடி. அடுத்த சனிக்கிழமை புது பஸ் கிளம்புது. என்கூட வாங்க. அவ முன்னாடி உக்காந்து அழுங்க."

மாஸ்டர் நாடாவைச் சுருட்டி வைத்தார். பிறகு மெதுவாக, "சகலையும் இருப்பாரா?" என்று கேட்டார்.

"இருப்பாரு" என்றார் மனைவி. "அவருதான் முதல்ல அழுவாரு."