உப்பில்லை என்று எழுதினேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஐப்பசியில் செஞ்சிக்குப் போயிருந்தேன். ஊர் ஊராகப் போய் ஓட்டல்களில் சாப்பிட்டு, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று ஒரு வார இதழுக்கு எழுதுவது என் வேலை. “கொடுத்து வைத்தவள்” என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ். காரக்குழம்புக்குப் பேர்போனது என்று பலரும் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக எனக்குச் சளி. மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாம்பார், குழம்பு, ரசம் எல்லாமே வெந்நீர் மாதிரி இருந்தன. மழையில் நனைந்து வந்தது இதற்குத்தானா என்று ஆத்திரம். ‘இந்தச் சமையலறையில் உப்பையும் புளியையும் யாரோ ஒளித்து வைத்துவிட்டார்கள்’ என்று அன்றைக்கே எழுதி அனுப்பினேன். அந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை.

நாலாம் நாள் இதழ் வந்தது. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் கணவர் வைத்த வத்தக்குழம்பிலும் உப்பில்லை என்று கத்தினேன். அவர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். ஒரு வாசனையும் வரவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டேன். அதுவும் சப்பென்றிருந்தது.

மூக்கும் நாக்கும் மரத்துப்போயிருக்கின்றன, சரியாக ஒரு மாதம் ஆகும் என்றார் டாக்டர். இதழாசிரியருக்குப் போன் செய்தேன். “அடுத்த வாரம் ஒரு ஓரத்தில் திருத்தம் போடலாம், விடுங்க” என்றார். விட முடியவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று மறுபடி செஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.

மெஸ் முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். “நீங்க எழுதுனத பார்த்த உடனே சமைச்சுக்கிட்டு இருந்த அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்திட்டேன் மேடம். புது மாஸ்டர் வந்துட்டாரு. சாப்ட்டுப் பார்த்துட்டு எழுதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு சமையலில் இல்லை, என் நாக்கில்தான் என்று சொன்னேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை டாக்டர் சீட்டையே எடுத்துக் காட்டினேன்.

“அதெல்லாம் இல்ல மேடம். பேப்பர்ல வந்தா சரியாத்தான் இருக்கும்” என்று இலையைப் போடச் சொன்னார். அவரோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

அந்தம்மாவின் விலாசம் விசாரித்துப் பக்கத்திலிருந்த தொண்டூருக்கு ஆட்டோவில் போனேன். எட்டு வருஷமாக அந்த மெஸ்ஸில் சமைத்த பெண்மணி வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது. நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி முதலாளியிடம் மன்றாடுகிறேன் என்றேன்.

“வேணாம்மா. எட்டு வருஷம் என் கையால சாப்ட்ட ஆளு. ஒரு வாய் அள்ளிப் பார்த்துருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கலியே. அங்க இனிமே போவ மாட்டேன். கல்யாணத்துக்குச் சமைக்கிறவங்க கூப்ட்டுக்கீறாங்க, போறேன்.”

எழுந்து வரும்போது கூப்பிட்டார்.

“நீ சாப்டும்போது நான் உள்ளதாம்மா நின்னுக்கினு இருந்தேன். இன்னா இப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுருந்தா, உனக்குச் சளி புடிச்சிருக்குதான்னு நானே கேட்டுருப்பேனே?”

தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

திருத்தம் இரண்டே வரியில் கடைசிப் பக்கத்தில் வந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இப்போது எந்த ஓட்டலில் குறை தெரிந்தாலும் எழுதுவதற்கு முன்னால் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்கிறேன். பாதிப் பேர் முறைக்கிறார்கள், சிலர் வெளியே போகச் சொல்கிறார்கள். முறைக்கட்டும். பத்தடி தள்ளி நின்றவரிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்க எழாமல், ஊருக்கெல்லாம் கேட்கும்படி எழுதினேனே என்பதுதான் இன்னும் என்னால் விழுங்க முடியாமல் இருக்கிறது.