கழித்தாலும் குறையாத எண்

பெங்களூரில் இருந்த ஒரு சின்ன கம்பெனிக்கு அரியலூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஆடும் விளையாட்டு ஒன்றை அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சதுப்பு நிலத்தில் வாழும் ஓர் இனம் வரும். அப்படி ஓர் இனம் உலகத்தில் எங்கும் இல்லை. அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுவார்கள் என்றெல்லாம் யோசித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த மாதம் எண்களைக் கேட்டிருந்தார்கள்.

கைக்கு நான்கே விரல் என்று படம் வரைபவர் முடிவு செய்திருந்தார். அதனால் எட்டு எட்டாக எண்ணுவார்கள் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றுக்கு 'கெம்', இரண்டுக்கு 'லோ'. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் கீபோர்டில் தூசி படியும். துடைத்துத் துடைத்து எட்டு வரை சொற்களை முடித்துவிட்டேன்.

அந்த வாரம் மனைவியைப் பெரம்பலூருக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அப்போது நான்கு மாதம். முந்தைய வருடம் எங்களுக்கு ஒரு பையன் நிறைமாதத்தில் இறந்தே பிறந்திருந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இது எத்தனாவது கண்ணு?"

"ரெண்டாவதுங்க."

"மூத்தத வூட்ல வுட்டுட்டு வந்தியா?"

"இல்லைங்க. பொறக்கும்போதே தவறிட்டான்."

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அத எண்ணிக்கையில சேக்காத சாமி. இதுதான் மொதப் புள்ளன்னு நெனச்சுக்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். என் மனைவி கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

பையன் போனதிலிருந்தே அவளுக்குச் சாப்பாடும் பேச்சும் குறைந்திருந்தன. சாயங்காலம் நான் வேலையில் இருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"இந்த சனங்க பெத்த புள்ளைங்கள எப்படி எண்ணுவாங்க?"

"எல்லாத்தையும் போலத்தான்."

"ஒண்ணு செத்துப்போச்சுன்னா?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டுன்னு சொன்னா இன்னொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. ஒண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. இவங்களுக்காச்சும் அதுக்குன்னு தனியா ஒரு எண்ணு இருக்கட்டுங்க."

ஒன்றையும் இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து 'கெம்லோ' என்று வைத்தோம். இரண்டு பிள்ளைகள், அதில் ஒருவர் இல்லை என்று அர்த்தம். மூன்றில் ஒருவர் இல்லை, மூன்றில் இருவர் இல்லை என்று சொற்கள் நீண்டன. அந்தச் சில நாட்கள் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். பள்ளியில் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர் சின்ன வயதுக்காரர், தன்மையானவர். நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

"ஐடியா நல்லாருக்கு சார். ஆனா ஆடுறவங்க இந்த எண்ணை வச்சுத்தான் கேம்ல வர்ற கடையில சாமான் வாங்கணும். கழிச்சா குறையணும்ல சார்?"

குறையத்தான் வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன். அந்தச் சொற்களை எடுத்துவிட்டார்கள். மனைவியிடம் சொன்னபோது, "அவங்களுக்கும் வேணாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனாள். பழையபடி பேச்சு குறைந்தது.

மழைக்காலத்தில் பெண் பிறந்தாள். உயிரோடு பிறந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் முதல் பிள்ளை, முதல் பிள்ளை என்று கொண்டாடிவிட்டுப் போனார்கள். குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அவனப் பொதச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவனை மருதையாற்றுக் கரையில் புதைத்தவர்கள் நானும் என் மாமனாரும். அப்போது அவள் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாமல் கிடந்தாள். தாய் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

நாங்கள் போனபோது கரையை அகலப்படுத்தி மண் கொட்டியிருந்தார்கள். நான் அடையாளம் வைத்திருந்த வேலமரம் இல்லை.

"எங்கங்க?"

"தெரியல" என்றேன்.

குழந்தை பசியில் அழுதது. அவள் மண்மேட்டில் உட்கார்ந்து முந்தானையால் மூடிப் பால் கொடுத்தாள். நான் பைக் பக்கத்தில் நின்றேன்.

"கனமா இருந்தானா?"

"இருந்தான்."

"யாரு சாடை?"

"மொகத்தப் பாக்கலம்மா. மாமாதான் துண்டு சுத்தி எடுத்தாந்தாரு."

மறுநாள் அவள் தன் அப்பாவுக்குப் போன் போட்டு, அவன் யார் சாடை என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்; நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டார். பிறகு, "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டார்.