வேர் விடாத வெங்காயம்

இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றின் வாயிலும், அடிப்பாகம் மட்டும் நனையும்படி ஒரு வெங்காயம். எழுபதுகளின் கடைசியில் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். ஒரு ரசாயனம் செடியின் வேரை என்ன செய்கிறது என்று அங்கே இப்படித்தான் பார்ப்போம். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் சோதிக்க வேண்டிய திரவம். நாலைந்து நாளில் தெரிந்துவிடும்.

அந்த முறை திரவத்தைக் கொண்டுவந்தவள் என் அக்கா. பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தகடு கழுவும் பிரிவில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் மூன்று மாதம். கழுவும் மருந்தின் வாடைக்குத் தலை சுற்றுகிறது என்று, யாருக்கும் தெரியாமல் ஒரு தைல சீசாவில் கொஞ்சம் பிடித்து வந்திருந்தாள். வேறு பிரிவு கேட்டால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம்.

"நீ பாத்துச் சொல்லு தம்பி. வேணாம்னா நான் வேலைய விட்டுடறேன்லா."

சில சொட்டுதான் கலந்தேன். நல்ல தண்ணீரில் வேர் விரல் நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று இறங்கியது. மற்றதில் அரிசி அளவுக்கு வந்து, நுனி வீங்கி, பழுப்பேறி நின்றுவிட்டது. அக்கா வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயம் வேறு, மனிதர் வேறு, பயப்படாமல் போ என்று சொல்லிவிட்டேன். பாவி, நான் யார் அதைச் சொல்ல?

ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. அந்த மருந்துதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன் என்பது மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த வெங்காயத்த நல்ல தண்ணிக்கு மாத்திப் பாத்தியா தம்பி? அப்புறமாச்சும் வேர் விட்டுச்சா?"

மாற்றிப் பார்த்திருந்தேன். அது அழுகித்தான் போனது.

"விட்டுச்சுக்கா" என்றேன்.

வேலையை விட்டுவிட்டு அக்கா பதினோரு வருஷம் காத்திருந்தாள். டாக்டர்கள் கைவிரித்த பிறகும் காத்திருந்தாள். இப்போது அவளும் இல்லை. கடைசிவரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டத்தோ கிராமாட் பகுதியில் அவர்கள் இருந்த வீட்டில், முதல் சந்தோஷத்தில் அத்தான் தொட்டிலுக்காக ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தார். அதைக் கழற்ற அவர் ஏணியை எடுக்கும்போதெல்லாம் அக்கா தடுப்பாள்.

"இருக்கட்டும்லா. வெங்காயமே மறுபடி வேர் விட்டுச்சாம், தம்பி பாத்திருக்கான்."