எங்கட வீட்டு உப்பு

ஃபோனுக்குள்ள வந்து நிண்டு "ரொம்ப சிம்பிளான ரெசிபி" எண்டு சிரிக்கிற பொம்புளயள நான் ஒரு நாளும் நம்பினதில்ல. கையில கறை இல்ல, நெத்தியில வேர்வ இல்ல. அடுப்படியில நிக்கிற ஆளுக்கு வேர்க்காம இருக்குமா? ஆனாலும் போன பங்குனி முழுக்க அவளுகள் ஆட்டின ஆட்டத்துக்கெல்லாம் நான் ஆடினன். என்ட மகளுக்கு அப்ப நாலாம் மாசம். தலப்புள்ள. வாய்க்க வைச்சது ஒண்டும் வயித்தில நிக்கல்ல.

கிளினிக்கில மருத்துவிச்சி மிஸ் நிறை பாத்துட்டு கார்டில எழுதினா. எழுதின கையோட என்னயும் ஒரு மாதிரிப் பாத்தா. "போன மாசத்தவிடக் குறஞ்சிருக்கு அம்மா. அடுத்த முறையும் இப்பிடியெண்டா ஆசுபத்திரியில வைச்சு சேலைன் ஏத்தத்தான் வேணும். உள்ளுக்க இருக்கிறதும் வளரோணும்தானே" எண்டா. நான் புள்ளயப் பட்டினி போடுறன் எண்டு நினைச்சாவோ என்னவோ. திரும்பி வரக்குள்ள மகள் பஸ்ஸில என்ட தோளில சாஞ்சு நித்திரையாப் போனா. கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திக்கொண்டு நிண்டிச்சு.

அண்டைக்கே தொடங்கினன். முதல் ஓட்ஸ் கஞ்சி. பாக்கெட்டத் திறந்து மணந்து பாத்தன், மாட்டுத் தீவனம் மாதிரித்தான் இருந்திச்சு. மறுகா எலுமிச்சஞ் சோறு. மறுகா தயிர்ச் சோறு. தயிர்க்காரனிலயும் எனக்குச் சந்தேகம், முட்டியக் கவிட்டுப் பாத்துத்தான் வாங்குவன். எதச் செய்தாலும் ஃபோன்காரிக்குக் கடைசிச் சொல்லு ஒண்டுதான்: "இப்ப எண்ணெயில தாளிச்சுக் கொட்டிருங்க." நானும் சட்டிய வைச்சு, எண்ணெய ஊத்தி, கடுகப் போடுவன். கடுகு வெடிக்கும். மகள் வாயப் பொத்திக்கொண்டு முத்தத்துக்கு ஓடுவா.

"மணம் அம்மா, மணம் ஏலாது" எண்டு சொல்லுவா. கடுகில ஏதோ கலப்படம் எண்டு நினைச்சு கடைய மாத்தினன். மாத்தின கடைக்காரனும் அப்பிடி நம்பிக்கையான ஆளில்ல எண்டு மறுகாவும் மாத்தினன். "உனக்கு உன்ட நிழலிலயும் சந்தேகம்தானேடி" எண்டு என்ட மனுசன் சிரிச்சார். அவருக்கென்ன, வயல் வட்டைக்குள்ள அறுவட முடிஞ்சு வைக்கோல் ஏத்திற யோசினை.

என்ட சந்தேகத்தில பெரும்பங்கு கடைக்காரருக்குப் போகல்ல. அது தங்கச்சிக்குத்தான் போனது.

எங்கட பக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். அம்மா வளவ ரெண்டாப் பிரிச்சு, றோட்டுப் பக்கம் எனக்கு, வாவிப் பக்கம் தங்கச்சிக்கு எண்டு சீதனம் எழுதினா. நடுவில ஒரு கிடுகு வேலி. வேலியில ஆள் நுழையிற அளவுக்கு ஒரு பொட்டு. தங்கச்சிக்குப் புள்ள இல்ல. என்ட மகள் பொறந்து நாப்பத்தொண்டு நாள் கழியமுன்ன அவள் வந்து, "உங்களுக்கு இன்னும் பொறக்கும்தானே அக்கா, இத எனக்குத் தாங்க" எண்டு கேட்டாள். பகிடியாத்தான் கேட்டாள். கண்ணில பகிடி இல்ல. எனக்கு மறுகா ஒண்டும் பொறக்கவும் இல்ல. அந்தக் கேள்விய நான் ஒரு நாளும் மறக்கவும் இல்ல.

வெளியூர்க்காரர் மட்டக்களப்பு எண்டாலே, சோத்தில வசிய மருந்து போட்டு வந்த ஆளப் பாயோட ஒட்ட வைச்சிருவாங்க எண்டு பயப்பிடுவாங்க. கேட்டு நாங்களும் விழுந்து விழுந்து சிரிப்பம். ஆனா எங்கட புள்ளைக்கு வேறொருத்தி கோப்பையில சோறு போட்டுக் குடுக்கக்குள்ள அந்தச் சிரிப்பு எங்க போகுதெண்டு தெரியாது.

மகளுக்கு உண்டாகியிருக்கு எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே தங்கச்சி ஒரு கிண்ணத்தில பாற்சோறு கொண்டு வந்தாள். கருப்பட்டி போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு வாங்கினன். அவள் வேலி தாண்டினதும் பின்பக்கம் போய்க் கோழிக்குக் கொட்டினன். புள்ள இல்லாதவள்ட கை, எந்த நேரத்தில என்ன நினைச்சுக் கிண்டினாளோ. நிமிந்து பாத்தா, கிண்ணம் கேக்க மறந்து போனவள் பொட்டுக்க நிக்கிறாள். நான் கிண்ணத்த நீட்டினன். அவள் வாங்கிக்கொண்டு போயிட்டாள். அதுக்குப் பிறகு எங்கட வளவுப் பக்கம் அவள்ட நிழலும் விழல்ல. நல்லது எண்டு நினைச்சன். கடவுளே, நல்லது எண்டுதான் நினைச்சன்.

பங்குனி வெயில் ஏற ஏற என்ட குசினியில இன்னொரு பிரச்சின தொடங்கிச்சு. ராவையில தண்ணி ஊத்தி மூடி வைக்கிற பழஞ்சோறு விடிஞ்சு பத்து மணிக்குள்ள குறையுது. சின்ன வெங்காயம் நாலு காணல்ல. பச்ச மிளகாய் ஒண்டு காணல்ல. உப்புப் பானை மூடி சரிஞ்சு கிடக்கு. முதல் பூனை எண்டு நினைச்சன். பூனை வெங்காயம் தின்னுமா? மனுசன் எண்டு நினைச்சன், அவர் விடிய வெள்ளனவே வட்டைக்குப் போற ஆள். மூடிக்கு மேல அகப்பைய ஒரு அடையாளத்துக்கு வைச்சன். அகப்பை வைச்ச மாதிரியே இருந்திச்சு, சோறு மட்டும் குறைஞ்சிருந்திச்சு. பாத்தீங்களா கெட்டித்தனத்த!

நான் செய்து வைச்ச மத்தியானச் சாப்பாட்ட மகள் ரெண்டு வாய் கொறிச்சுட்டு எழும்புவா. ஆனா முகம் தெளிஞ்சுகொண்டு வந்திச்சு. சித்திர வருசம் பொறந்து நாலஞ்சு நாளில கிளினிக். தராசில ஏத்தின மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல்லு. "நல்லா ஏறியிருக்கு. என்ன அம்மா குடுத்தீங்க?" எண்டு கேட்டா.

கார்ட வாங்கிப் பைக்குள்ள வைச்சன். சந்தோசப்படோணும்தானே? நெஞ்சுக்க சுள்ளெண்டு ஒண்டு குத்திச்சு. நான் குடுத்தது எதுவும் வயித்தில நிக்கல்ல எண்டு எனக்குத்தானே தெரியும். அப்ப குடுத்தது ஆர்?

அடுத்த நாள் காலம்பிற அம்மியடியில குந்தி இருந்து மிளகாய் அரைக்கிற மாதிரி நடிச்சன். பத்து மணி போல மகள் குசினிக்குள்ள போனா. வெளிய வரக்குள்ள சீலைத் தலைப்புக்க ஏதோ மறைப்பு. "கோழி முட்ட பாத்துட்டு வாறன் அம்மா" எண்டா. கோழிக்கூடு கிழக்க கிடக்கு, இவள் போனது மேற்க. வேலிப் பொட்டால நுழைஞ்சு போறாள்! எனக்கு ரெத்தம் தலைக்கு ஏறிட்டு. மிளகாய்க் கையோட பின்னால போனன்.

தங்கச்சிட வீட்டுக்குப் பின்னால வாவிக்கரையில ஒரு மரமுந்திரிகை மரம். பழம் சிவந்து தொங்குற நேரம். அதுக்குக் கீழ பாயில என்ட மகள் இருந்து, கோப்பைக்குள்ள கைய விட்டுக் குழைச்சு, உருட்டி உருட்டித் தின்னுறாள். மூண்டு மாசமா நான் காண ஆசைப்பட்ட தீன். ஒரு பாகம் தூரம் தள்ளித் தங்கச்சி முழங்காலக் கட்டிக்கொண்டு குந்தி இருக்கிறாள்.

"என்னடி போட்டுக் குடுத்த என்ட புள்ளைக்கு?" எண்டு கத்தினன். வாவியில வலை வீசினவனும் திரும்பிப் பாத்திருப்பான். "மருந்தா? ஆரிட்ட வாங்கின? ஒண்டு கேட்டுக் கிடைக்கல்ல எண்டு இப்ப ரெண்டையும் சேத்து எடுக்கப் பாக்கிறியா?"

மகள் கையில எடுத்த உருண்டையோட விறைச்சுப் போனா. தங்கச்சி எழும்பல்ல, சத்தம் போடவும் இல்ல.

"கோப்பையப் பாருங்க அக்கா" எண்டாள்.

பாத்தன். விளிம்பில என்ட மனுசன்ட பேர் வெட்டின கோப்பை. எங்கட கோப்பை.

"சோறு உங்கட வீட்டுச் சோறு. வெங்காயம் உங்கட வெங்காயம். உப்பையும் மடிச்சுக்கொண்டு வரச் சொன்னன். அவள்தான் குழைக்கிறாள், அவள்தான் தின்னுறாள். நான் இஞ்சதான் இருப்பன், கிட்டவும் போறதில்ல. என்ட வீட்டு உப்பில ஒரு கல்லும் அந்தப் புள்ளைட வாயில படல்ல. நாளைக்கு அவளுக்கு ஒண்டு எண்டா நீங்க என்னயத்தான் குறை சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியும்தானே. கோழி தின்னதப் பாத்தவள் நான்."

மகள் அழத் தொடங்கினா. "எத்தின தரம் சொன்னன் அம்மா, மணம் மணம் எண்டு? உங்கட எண்ணெயும் கடுகும் வீடு முழுக்க. கட்டில்லயும் அந்த மணம்தான். இஞ்ச வாவிக் காத்து வருது, அவ்வளவுதான். வெறும் பழஞ்சோறே இஞ்ச வந்தா இறங்குது. சின்னம்மா ஒண்டும் தரல்ல. தண்ணியும் நான்தான் கொண்டாறன்."

மிளகாய்க் கையால கண்ணத் துடைச்சுட்டன். எரிஞ்சு தண்ணி தண்ணியாக் கொட்டிச்சு. மிளகாய் எரிச்சல் எண்டு அவளுகள் நினைச்சிருப்பாளுகள். நினைக்கட்டும். நான் வெக்கத்தில செத்துக்கொண்டு நிண்டன். பதினஞ்சு ரெசிபி பாத்து, ஆயிரம் பேரச் சந்தேகப்பட்டு, என்ட புள்ளய வீட்ட விட்டுத் துரத்தினது என்ட தாளிச்ச சட்டிதான்.

தங்கச்சியப் பாத்து, "உள்ளுக்க போய் உன்ட உப்பில ஒரு கல்லு கொண்டு வந்து போடு" எண்டன். "உன்ட கையால."

"வேணாம் அக்கா" எண்டாள். "உங்கட வாய்தான் சொல்லுது, மனசு இன்னும் சொல்லல்ல. புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்."

அதுக்குப் பிறகு மகளுக்குக் கோப்பைய நானே கொண்டுபோய்க் குடுத்தன். வீட்டில எண்ணெய்ச் சட்டி ஏத்தல்ல. புரட்டாசியில பொம்புளப் புள்ள, நல்ல நிறை. தங்கச்சி ஆசுபத்திரி வாசலில நிண்டு பாத்துட்டுப் போனாள்.

இந்தப் பங்குனியில புள்ளைக்கு வாயில முதல் சோறு தீத்தினம். வந்த சனமெல்லாம் கையில பார்சலோட வந்திச்சு. எங்கட ஊரில புள்ள பாக்க வெறுங்கையோட ஒருத்தரும் வரமாட்டாங்க. கடைசியாத் தங்கச்சி வேலிப் பொட்டால வந்தாள். நல்ல சீலை கட்டி, தலை வாரி, பூவும் வைச்சிருந்தாள். வாசலில நிண்டு ரெண்டு கையையும் விரிச்சு எனக்குக் காட்டினாள்.

"ஒண்டும் கொண்டு வரல்ல அக்கா. பாருங்க."

அந்த ரெண்டு கையிலயும் நான் புள்ளயத் தூக்கி வைச்சன்.