தையல் பார்க்க வந்தவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டபோது சொந்தபந்தத்தில் ஒருவர்கூட வருத்தப்படவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் எல்லார் முகத்திலும். 'ஊமைக் குடியன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். மனிதர் மதுவை வாயில் வைத்தவரில்லை. ரத்தத்தில் பல வருடமாகப் பதுங்கியிருந்த ஹெபடைடிஸ் பி கிருமி ஈரலைச் சுருக்கிக் கரடுதட்ட வைத்திருந்தது. அதை எடுத்துச் சொன்னாலும் கேட்கக் காது வேண்டுமே!

அதிகம் பேசியவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். சாயங்காலம் வீடு வந்தால் பாட்டிலைத் திறந்த பிறகுதான் செருப்பையே கழற்றுகிற மகான் அவர்.

"நானாவது வெளிப்படையா குடிக்கிறேன் மாப்பிள்ளை. நீங்க மறைச்சு மறைச்சுக் குடிச்சு இப்படிப் பண்ணிக்கிட்டீங்களே!"

மெக்கானிக்கின் கவலை வேறு. ஸ்கேனில் ஈரலின் ஓரமாக ஒரு கட்டி தெரிந்திருந்தது. புற்றுநோய்.

அறுவை செய்யும் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்.

"உங்க ஈரல் ஏற்கெனவே தள்ளாடுது. வயித்தைப் பெரிசா வெட்டினா தண்ணி கோத்துக்கலாம், புண் ஆறவும் நாளாகும். கட்டி ஓரமா இருக்கிறதால சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, அதை மட்டும் எடுக்கப் பாக்கறோம். ரத்தம் நிக்கலைன்னா திறக்க வேண்டி வரும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"பண்ணுங்கம்மா. நானும் இடுக்குல கையை விட்டு வேலை பாக்கிறவன்தான்" என்றார் மெக்கானிக்.

திறக்க வேண்டி வரவில்லை. சில நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார்.

அதன்பிறகுதான் படையெடுப்பு. முன்னால் மச்சான், பின்னால் மெக்கானிக்கின் சித்தி.

"சட்டையைத் தூக்குப்பா, பாப்போம்."

தூக்கினார். அங்கங்கே சிறு பிளாஸ்திரிகள். கட்டியை வெளியே எடுத்த அடிவயிற்றில் மட்டும் சற்று நீளமாக ஒன்று. சித்தியின் முகம் தொங்கிப்போனது.

"இவ்வளவுதானா? எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சுலேர்ந்து அடிவயிறு வரைக்கும் தையல்!"

மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டார். "வயித்தைத் திறக்காம கட்டியை எப்படி எடுப்பாங்க? சும்மா வயித்துல காத்தடிச்சு ஏமாத்தி அனுப்பியிருக்காங்க."

மெக்கானிக்கின் மனைவி அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய தையல்தான் பாக்கணுமா அண்ணா? கொஞ்ச நாள் பொறு. உன் வயித்துலயே பாத்துக்கலாம்."

மெக்கானிக் துளைகளெல்லாம் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சான் விருட்டென்று எழுந்து போனார். துணைக்கு வந்த சித்தியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

மெக்கானிக் வேலைக்குத் திரும்பிவிட்டார். கட்டிதான் போயிற்று, சுருங்கிய ஈரல் அப்படியேதான் இருக்கிறது, இன்னொன்று முளைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கிருமிக்குத் தினமும் மாத்திரை, சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். முதல் ஸ்கேன் சுத்தமாக வந்தது. நல்ல செய்தி என்பதால் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.